அப்பன் கொண்டுவரும் துகள்

கல்லூரியில் உயிரணுப் பாடம் நடத்தும்போது சென்ட்ரியோல் வந்தாலே எனக்கு உற்சாகம் பிடித்துக்கொள்ளும். ஒன்பது குழல்கட்டுகள் வட்டமாக நிற்கும் ஒரு சின்ன உருளை அது. பெரும்பாலும் பழையதை ஒட்டித்தான் புதியது உருவாகும்; முதலில் வண்டிச் சக்கரம் போல ஓர் அடித்தளம், பிறகு அதைச் சுற்றிக் குழல்கள். கிணற்றுச் சுவரில் முளைக்கும் பெரணிக்கு அது வேண்டும், அதிலிருந்து முளைக்கும் வாலால்தானே அதன் ஆண் அணு நீந்தும். வயலில் நிற்கும் நெல்லுக்கு வேண்டாம். நீந்துகிற வேலை போனதும், நெல்லின் முன்னோர்கள் அதையும் கைகழுவிவிட்டார்கள். இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த வரியை இப்போதெல்லாம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன். மனிதரில், கருமுட்டை தன் சென்ட்ரியோலைத் தானே கலைத்துவிடும். குழந்தைக்கு அது அப்பனிடமிருந்துதான் வரவேண்டும்; சரியாக வராவிட்டால் கரு இரண்டாகப் பிரியத் தடுமாறும்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துக் கோயம்புத்தூரில் குழந்தைக்காக வைத்தியம் ஆரம்பித்தோம். முதல் தடவை லேபில் கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்தன. அதற்குப் பிறகு இரண்டாகப் பிரியவே இல்லை. "சென்ட்ரியோல் கோளாறாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். என் கணவர் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார். கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டியதும் காரை ஓரங்கட்டினார்.

"அது என்னனு எனக்கு வெளங்கற மாதிரி சொல்லு."

சொன்னேன்.

"அப்ப குத்தம் எங்கிட்டத்தானா?"

"இருக்கலாம்னுதானுங்க சொன்னாங்க."

அவர் காரைக் கிளப்பினார். கொல்லங்கோட்டைச் சுற்றி நல்ல விதைநெல் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அந்தப் பெருமையில் வாழ்கிற மனுஷன் அவர்.

மாமியாருக்கு இதெல்லாம் தெரியாது. "வெதையில என்ன குத்தம்? மண்ணுதான் புடிக்க மாட்டீங்குது" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார். மண் நான். மண் பரிசோதனைக்கென்று என்னை எத்தனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்! பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தட்டில் சாம்பார் ஊற்றுவேன்.

இரண்டாம் தடவையின் முடிவு வரவேண்டிய காலையில், என் கணவர் களத்து ஓரம் உட்கார்ந்து விதைநெல்லை ஈரத்துணியில் முடிந்து வைக்கோலுக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். நாற்று விடுவதற்கு முன்னால் முளைப்பு பார்க்கிற வழக்கம். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தது.

"ஒண்ணும் பிரியல மேடம்" என்றது லேபிலிருந்து ஒரு பெண் குரல். இனி சந்தேகத்துக்கு அதிக இடமில்லை.

என் முகத்தைப் பார்த்தே மாமியாருக்கு விளங்கிவிட்டது. "நாந்தான் அப்பவே சொன்னனே, மண்ணு…"

"நிறுத்துங்கம்மா" என்றார் என் கணவர். கையில் இன்னும் ஈரத்துணி இருந்தது. "நாத்து உடறதுக்கு முந்தி நாம எதப் பாக்கறோம்? வெதையத்தானே? மொளைக்காத வெதைய வெச்சுக்கிட்டு மண்ணத் திட்டுவமா? குத்தம் எங்கிட்டத்தானுங்க."

மாமியார் அப்படியே களத்துமேட்டில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செரி, வெளிய ஆருகிட்டயும் சொல்லீராத கண்ணு. ஆம்பளைக்கு அசிங்கம். பழி அவ பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் கணவர் போனை எடுத்து, கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் தன் அக்காளை அழைத்தார். என்னிடம்தான் குறை என்று சொந்தபந்தம் முழுக்கப் பரப்பியது அந்த நாத்தனார்தான். அவரிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். விதை வாங்க வருகிறவர்கள் இவரைப் பார்த்து வாய்க்குள் சிரிப்பார்கள். இத்தனை வருஷமும் நான் கேட்க ஏங்கியது, அவளிடம் குறையில்லை என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான். ரிங் போய்க்கொண்டே இருந்தது. நாத்தனார் எடுத்துவிடக் கூடாதே என்று நான்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.