எல்லாப் பக்கத்திலும் அந்தப் படம்

நான் எட்டாவது வரை படித்தவன். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்த்துக்கொண்டே அதன் வெப்சைட்டையும் கவனித்தேன். வெப்சைட்டைச் செய்துகொடுத்தவர்கள் அதில் ஒரு காலிப் பெட்டி விட்டிருந்தார்கள். அதில் எதைப் போட்டாலும் எல்லாப் பக்கத்திலும் வரும்.

ஒருமுறை இரண்டு ரோல் துணி காணாமல் போனது. கட்டிங் மாஸ்டர் வேலுச்சாமி அண்ணனைச் சந்தேகப்பட்டு முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். "இவருக்கும் எங்கள் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை" என்று அவர் படத்தோடு பெட்டியில் போட்டேன். பத்து நாளில், துணி சாயப்பட்டறையிலேயே கிடந்தது தெரிந்தது. முதலாளி படத்தை எடுக்கச் சொன்னார். முதல் பக்கத்தில் மட்டும் மறைத்துவிட்டு, எடுத்தாச்சு என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் கம்பெனி கேட்டுக்கு வந்து போனை நீட்டினார்.

"ஏனுங்க, எடுத்தாச்சுன்னீங்களாமா?"

"எடுத்துட்டனுங்களேண்ணா."

"அடுத்த பக்கத்தைப் பாருங்க. வேலை கேட்டுப் போன எடத்துக்கெல்லாம் எனக்கு முன்னால இது போயி உக்காந்துக்கிச்சு." சிரித்தார். "கல்யாணத்துல கூட இத்தன நல்ல போட்டோ எடுக்கலீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே பெட்டியைக் காலி செய்தேன். அவர் அதற்கு முன்பே துணி வெட்டும் கத்தரியை விற்றுவிட்டு, குண்டடத்தில் தோட்ட வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

இப்போது ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்த பிறகுதான் எடுத்தாச்சு என்கிறேன். அதனால் அண்ணனுக்கு இனி ஒரு பயனும் இல்லை.