ஏழு புள்ளி பின்தங்கியவர்கள்: காஜா பேராங்கில் ஒரு தீர்மான ஆட்டம்

“இரண்டாவதாக வந்துவிட்டோம், மாப்பிள்ளை. பதினான்காம் தேதி ஞாயிறு மாலை தீர்மான ஆட்டம். ஜெயித்தால் மேல் பிரிவு. பந்தாட்டம் தெரிந்த நீங்கள் பக்கத்தில் நின்றால் எனக்குத் தெம்பாக இருக்கும்.”

மலாக்கா காஜா பேராங்கிலிருந்து என் மனைவியின் அண்ணன் ராஜமாணிக்கம் 3-7-1957 தேதியிட்டு எழுதிய கடிதத்தின் வரிகள் இவை. சிரம்பானில் எனக்கு ஆறாம் தேதி கிடைத்தது. மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் வயிறு எரிந்தது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு சிரம்பானில் நான் செயலாளராக இருந்த குழு இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்தது. பதினான்கு ஆட்டங்களில் 24 புள்ளிகள். அடுத்து வந்தவர்களுக்கு 19. ஆனால் விதிப்படி முதல் இரண்டு குழுக்களும் ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும். அதில் வெல்பவர்தான் மேல் பிரிவுக்குப் போகலாம். அன்று எங்கள் நடு ஆட்டக்காரருக்குக் காய்ச்சல். ஒரு கோலில் தோற்றோம். ஐந்து மாத ஆட்டம் எழுபது நிமிடத்தில் முடிந்தது. அடுத்த மாதத்துக்குள் ஆறு பேர் வேறு குழுக்களுக்குப் போய்விட்டார்கள். இந்த ஆண்டு நாங்கள் குழுவே அனுப்பவில்லை.

மலாக்காவிலும் அதே விதிதான். அங்கே முதலாவது வந்தவர்கள் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் குழு, 25 புள்ளிகள். என் மச்சானின் குழுவுக்கு 18. ஏழு புள்ளி பின்தங்கியவர்களுக்கு, எனக்கு அடைத்துவிட்ட அதே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க என்னையே அழைக்கிறார்கள். அவர்கள் தோற்பதைப் பார்க்கத்தான் போனேன். இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை.

ஜூலை 13, சனி, பிற்பகல் 1.30. சிரம்பானிலிருந்து பேருந்தில் புறப்பாடு. தூரம் ஏறக்குறைய 52 மைல். கட்டணம் இரண்டு வெள்ளி இருபது காசு. தம்பினுக்கு முன்பாக ஓரிடத்தில், அவசரகாலச் சோதனைக்காக, போலீஸார் வண்டியை நிறுத்தி அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம் தாமதம். தம்பினில் இறங்கிக் கோப்பி குடித்தேன், பத்துக் காசு. கடைக்காரர் கொடித்துணி விற்கத் தொடங்கியிருந்தார். சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு வாரம்.

பக்கத்து இருக்கையில் மலாக்கா கடைத்தெருவில் ஜவுளி விற்கும் முஸ்லிம் அன்பர் ஒருவர். பந்தாட்டம் பார்க்கப் போகிறேன் என்றதும் திரும்பி உட்கார்ந்தார்.

“காஜா பேராங் ஆட்டமா? எங்க தெரு முழுக்க அவங்க பக்கம்தான். நாளைக்கு அஞ்சு மணிக்குக் கடை திறந்திருக்காது, பாருங்க.”

“முதலாவது வந்தது தோட்டத்துக் குழுவாச்சே?”

“அதனால என்னா? முதலாவது வந்தவன் பயப்படறதைப் பார்க்கத்தானே கூட்டம் வருது.”

சிரித்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். சென்ற ஆண்டு எங்களைப் பார்க்கவும் இப்படி ஒரு கூட்டம் வந்திருந்தது.

மாலை 4.25. மலாக்கா. பேருந்து நிலையத்திலிருந்து காஜா பேராங் ஒன்றரை மைல் இருக்கும். திரிஷா என்னும் மூன்றுசக்கர மிதிவண்டிக்கு ஐம்பது காசு. மிதித்த மலாய்க்காரருக்கும் ஆட்டம் தெரிந்திருந்தது. “நாளைக்கு மழை வரக் கூடாது” என்று மலாயில் சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். வந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் பொதுப்பணி அலுவலகத்தில் எழுத்தர். நாற்பது வயது, தொப்பை, உரத்த குரல். வாசலிலேயே கட்டிப்பிடித்தார்.

“வாங்க மாப்ளே! இளைச்சிட்டீங்க லா. தங்கச்சி சோறு போடறதில்லையா? பசியாறிட்டு வாங்க, பலகையைக் காட்டறேன்.”

அந்தப் பலகை தெருமுனைக் கோப்பிக்கடைச் சுவரில் தொங்குகிறது. கரும்பலகை. எட்டுக் குழுக்களின் பெயர்களையும் எல்லா முடிவுகளையும் மச்சானே சுண்ணக்கட்டியால் எழுதுகிறார். சின்னப் போட்டி என்பதால் ஆளுக்கு இரண்டு பதவி: காஜா பேராங் குழுவுக்கும் அவர்தான் செயலாளர், போட்டியின் புள்ளிப் பட்டியலுக்கும் அவர்தான் பொறுப்பு. பலகைக்கு அடியில் விதிகளைத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். எதிரே நாலைந்து பேர் நின்றுகொண்டு, போனவாரப் பத்திரிகையைப் படிப்பதுபோல் அந்தப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் முடிவுகள் என் குறிப்பேட்டில் மட்டும்தான் இருந்தன. என்னைத் தவிர எவரும் படித்ததில்லை.

வாதம் அங்கேயே தொடங்கியது.

“ஏழு புள்ளி, மச்சான். ஏழு! இங்கிலாந்தில் சென்ற நூற்றாண்டின் கடைசியில் இந்த மாதிரிச் சோதனை ஆட்டம் வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிட்டார்கள். படித்திருக்கிறேன்.”

“அவன் கைவிட்டதை எல்லாம் நாமும் கைவிடணும்னா, அடுத்த மாசம் என்னாத்துக்குக் கொடி ஏத்தறோம்?” என்றார் மச்சான். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கொஞ்சம் நிதானமாகச் சொன்னார்: “இந்த ஆட்டம் இல்லேன்னா, தோட்டத்துக்காரன் அஞ்சு வாரத்துக்கு முன்னயே ஜெயிச்சாச்சு. அப்புறம் எவன் திடலுக்கு வருவான்? ரெண்டாவது இடத்துக்காகத்தான் நாங்க மூணு பேரு கடைசி வாரம் வரைக்கும் அடிச்சுக்கிட்டோம்.”

அது உண்மை என்பதால்தான் இன்னும் எரிச்சல் வந்தது.

ஜூலை 14, ஞாயிறு, காலை 8.00. குழுவின் கோல்காவலர் வீட்டில் பசியாறல். இவர் மலாக்காச் செட்டி சமூகத்தவர்; காஜா பேராங்கில் பல தலைமுறையாக இருந்து, மலாயே வீட்டு மொழியாகிவிட்ட தமிழ் வழியினர். நான் தமிழில் கேட்டேன், அவர் அவர்களுடைய மலாயில் பதில் சொன்னார். ‘சாமி’, ‘பூசை’ என்று இடையிடையே சில சொற்கள் மட்டும் எனக்கு வீட்டுச் சொற்களாகக் கேட்டன. அந்த வாரம்தான் முன்னோருக்குப் பழம் படைத்திருந்தார்கள். டுரியானும் மங்குஸ்தினும் கூடை நிறைய. “இன்றைக்கு எந்தப் பந்தும் என்னைத் தாண்டாது, தாத்தாமாரிடம் சொல்லிவிட்டேன்” என்றார், மச்சான் மொழிபெயர்த்தபடி. இப்படிக் காவல் நிற்க எங்கள் குழுவில் யாரிருந்தார்கள் என்று யோசித்தேன். மங்குஸ்தின் புளித்தது, பழத்தின் குற்றமில்லை.

காலை 10.15. மச்சான் ஆட்டக்காரர்களைப் பார்க்கப் போனதும் தனியாகக் கோப்பிக்கடைக்கு வந்தேன். பலகையில் உள்ளதை எல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எங்கு போனாலும் எனக்கு அந்தப் பழக்கம். காஜா பேராங்குக்கும் குருபோங் குழுவுக்கும் ஒரே 18 புள்ளி. காஜா பேராங் போட்ட கோல் 36, வாங்கியது 20. குருபோங் போட்டது 24, வாங்கியது 10. கடைசிக் கட்டத்தில் மச்சான் ஒன்றில் 16, மற்றதில் 14 என்று எழுதியிருந்தார். கழித்திருக்கிறார்.

கீழே ஒட்டியிருந்த விதிகளைப் படித்தேன். ஒன்பதாவது விதி: புள்ளிகள் சமமானால், போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்து வரும் எண்ணில் பெரியது முன்னே நிற்கும்.

வகுத்தேன். காஜா பேராங் 1.8. குருபோங் 2.4.

இரண்டாவதாக வந்தது குருபோங். என் மச்சானின் குழு மூன்றாவது.

கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். இதற்கு முன் எந்த இரு குழுவுக்கும் சம புள்ளி வந்ததே இல்லையாம். அதனால் இங்கே யாருக்கும் வகுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கூடுதலா குறைவா என்று பார்க்கக் கழித்து எழுதுவதே வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தை எல்லாரும் தினமும் பார்த்தார்கள். குருபோங்காரர்கள்கூடப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டு போய்விட்டார்கள். விதி அரை முழம் கீழேதான் இருந்தது.

குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கணக்கைச் சுத்தமாக எழுதி, சட்டைப்பையில் வைத்தேன். ஆட்டத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. மச்சானிடம் சொல்லவில்லை. காஜா பேராங் தோற்றால் சொல்ல வேண்டியதில்லை, ஜெயித்தால் சொல்லலாம். அப்படித்தான் முடிவு செய்தேன்.

மாலை 5.15. திடல். கயிற்றுக்கு வெளியே நான்கு வரிசை ஆட்கள். ஜவுளிக்காரர் சொன்னது பொய்யில்லை. தோட்டத்துக் குழு லாரியில் வந்தது. அவர்களில் சிலர் அன்று காலையும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்தவர்கள். தலைவர் முனியாண்டி, முப்பது வயதிருக்கும், மெலிந்த உடல். காஜா பேராங் சட்டைகள் புதியவை. தோட்டத்துச் சட்டைகள் ஆளுக்கொரு வெளிறல்.

முதல் இருபது நிமிடத்தில் தோட்டத்தார் ஒரு கோல் போட்டார்கள், இரண்டு முறை கம்பத்தில் அடித்தார்கள். நான் கைதட்டினேன். மச்சான் என்னை ஒருமுறை பார்த்தார். இரண்டாம் பாதி தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் காஜா பேராங் சமன் செய்தது. தோட்டத்துக் கால்கள் தளர்வது தெரிந்தது. அறுபத்து மூன்றாவது நிமிடம், காஜா பேராங்குக்கு ஒரு மூலை உதை, கூட்டமாக எழும்பிய தலைகளில் எதுவோ ஒன்றில் பட்டுப் பந்து உள்ளே போனது. கடைசி நொடியில் முனியாண்டி அடித்த பந்தைக் கோல்காவலர் மார்போடு அணைத்துப் படுத்துக்கொண்டார்.

2-1. கூட்டமே திடலுக்குள் ஓடியது. மச்சானைத் தோளில் தூக்கினார்கள். அவருடைய பருமனுக்கு நான்கு பேர் தேவைப்பட்டது. என்னை ஒருவரும் ஒருநாளும் தூக்கியதில்லை.

முனியாண்டி எதிர்க் கம்பத்தடியில் உட்கார்ந்து காலணி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு என் குழுவைச் சேர்ந்த ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் போலவே. போய்ப் பக்கத்தில் அமர்ந்தேன். யார் என்று சொன்னேன். தாளைக் கொடுத்தேன், விளக்கினேன். இந்த ஆட்டம் செல்லாது என்றேன்.

அவர் தாளை நிதானமாகப் படித்தார்.

“இது எப்பங்க பார்த்தீங்க?”

“காலையில். பத்தேகாலுக்கு.”

“காலைலயே தெரியுமா?” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நாங்க தோத்த பிறகுதான் இது தப்பாச்சுங்களா?”

அவர் தாளை இன்னொரு முறை பார்த்தார்.

“சரி, இதக் கொண்டுபோய்க் குடுத்தா என்னா கிடைக்கும்? குருபோங்கோட இன்னொரு ஆட்டம். அதுலயும் தோத்தா? நாங்க முதலாவதா வந்ததுக்கு இந்தக் காகிதத்துல ஒண்ணும் இல்லீங்களே.” தாளை மடித்து என் கையில் வைத்தார். “எழுதினது உங்க மச்சான்தானே, அவருகிட்டயே குடுங்க. லாரி கிளம்புது, நான் வரேன்.”

ஜூலை 15, திங்கள், காலை 6.45. பேருந்து நிலையம். வழியனுப்ப மச்சான் வந்திருந்தார். குரல் கட்டிப்போயிருந்தது. தங்கைக்கென்று மங்குஸ்தின் ஒரு பை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு சன்னல் வழியே தாளைக் கொடுத்தேன். முனியாண்டி என்னைக் கேட்ட கேள்வியோடு இரண்டாவது இரவையும் கழிக்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

படித்தார். பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் அவரே ஒருமுறை வகுத்துப் பார்த்தார். முகத்தில் இருந்த நேற்றைய மகிழ்ச்சி மெல்ல வடிந்தது.

“குருபோங் பையனுங்க,” என்றார். “என்னா மாப்ளே இப்படிப் பண்ணிட்டேன்.”

“வேறு யாருக்கும் தெரியாது, மச்சான்.”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே லா.” தாளைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டார். “நாளைக்குக் கமிட்டி கூடுது. நானே எடுத்து வைக்கிறேன். ஏன் நேத்தே சொல்லல?”

வண்டி கிளம்பிவிட்டது. நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

தம்பின் வரை அவரை நினைத்துக்கொண்டே வந்தேன். மலாக்காவுக்குப் போகும்போது அவருடைய இரண்டாவது இடத்தின் மேல் பொறாமை. திரும்பும்போது அது போய்விட்டது. ஏனென்றால் அந்த இடம் அவருடையதே அல்ல. அதற்குப் பதிலாக, வென்ற மறுநாள் காலையில் ஒருவர் “நானே எடுத்து வைக்கிறேன்” என்று ஒரு மூச்சில் சொல்ல முடிகிறதே, அதன் மேல் வந்தது. சிரம்பானில் நாங்கள் தோற்றபோது விதியைத் திட்டினேன். வென்றிருந்தால் அந்த விதியைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்கமாட்டேன். ஐந்து புள்ளிக்கும் ஏழு புள்ளிக்கும் மதிப்பில்லாத தீர்மான ஆட்டம் நியாயமற்றது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்லும் தகுதி முனியாண்டிக்கு உண்டு; எனக்கு அன்று காலை பத்தேகாலோடு போய்விட்டது.

இதை எழுதும் இன்று ஆகஸ்டு 4. மலாக்காவிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. நானும் எழுதிக் கேட்கவில்லை. பதினாறாம் தேதி கமிட்டியில் மச்சான் அந்தத் தாளை எடுத்து வைத்தாரா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. வைக்காமல் இருந்திருந்தால், அவரும் என்னைப் போலத்தான் என்று எனக்குச் சற்று நிம்மதியாக இருக்கும்.