ஜோடி பிரிந்த டிஸ்க்

பெரிய தாத்தாவுக்கு நான்கு மகன்கள். அவர்களில் மூன்றாமவரின் கடைக்குட்டிதான் ரெட்டை. போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். சாவியானாலும் குடையானாலும் இரண்டாக வைத்துக்கொள்வான், அதனால் அந்தப் பெயர். வீட்டில் ஒரு பெட்டி வைத்திருந்தான். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் ஏறுவது மற்றதிலும் அப்படியே பதியும். அவன் பையன் படங்கள் உள்பட, குடும்பத்துப் படங்கள் மொத்தமும் அதற்குள்தான்.

அவன் அண்ணன் மகள் பத்தொன்பது வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அவள் பேசிய, சிரித்த வீடியோக்களை ரெட்டைதான் பெட்டியில் ஏற்றினான். பிறகு அவள் செல்போனை அண்ணன் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து விற்றுவிட்டான். ஞாயிறு தவறாமல் அண்ணி வருவாள், நாற்காலியை இழுத்துப் போட்டு மகளைப் பார்ப்பாள், போவாள்.

பெட்டி ஓடியது பலர் கூடி எழுதி, காசு வாங்காமல் கொடுத்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில். டிஸ்க்கில் எதை எங்கே அடுக்குவது என்று பார்த்துக்கொள்ளும் ஃபைல் சிஸ்டமும் அதற்கென்றே தனி. ஓரெழுத்து கெட்டாலும் மற்ற டிஸ்க்கைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் கெட்டிக்காரச் சரக்கு. ஆனால் ஆதரித்த கம்பெனி கைகழுவியது; எழுதியவர்கள் முட்டிக்கொண்டு பிரிந்தார்கள். நாளைக்கு இது நின்றுவிட்டால் டிஸ்க்கைப் படிக்க நாதியில்லை. எல்லா மெஷினும் படிக்கும் சாதாரண முறைக்கு மாறுவதா, இருப்பதிலேயே இருப்பதா? மூன்று மாதம் தூக்கமில்லை.

"பொண்ணு பார்த்தப்பகூட நீ இவ்வளவு யோசிக்கலையேடா" என்றார் ஸ்டூடியோ முதலாளி.

"அதனாலதான் சார் இப்ப யோசிக்கிறேன்."

கடைசியில் மாறுவதென்று முடிவெடுத்தான். டிஸ்க்கை அழித்தால்தான் முறையை மாற்ற முடியும். மூன்றாவது டிஸ்க் வாங்கும்வரை பொறுக்காமல் ஜோடியைப் பிரித்தான். ஒன்றை அழித்துப் புது முறையில் தயார் செய்து, மற்றதிலிருந்து அதில் ஏற்றினான். ஆயுளில் முதல் தடவையாக ஒற்றையை நம்பினான். பாதி ஏறியபோது பழைய டிஸ்க் டிக் டிக்கென்றது; அப்புறம் பேச்சில்லை. உள்ளே சுரண்டிப் பொடியாகிவிட்டது என்று ரிப்பேர்க்காரர் கையை விரித்தார்.

அந்த வாரமே முதலாளி சேதி கொண்டுவந்தார். "உன் சிஸ்டத்தைப் புது ஆளுங்க எடுத்து நடத்துறாங்களாம். நீ சும்மா இருந்திருந்தாலே போதும்."

ஞாயிறன்று அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். மகளின் வீடியோக்கள் ஏறாத பாதியோடு போய்விட்டதை அவன் சொன்னான். அவள் அழவில்லை.

"உன் பையன் படம்?"

"இருக்கு அண்ணி."

"எல்லாமா?"

"எல்லாம்."

"அப்ப எதை முதல்ல ஏத்துன?"

ரெட்டை குனிந்து பெட்டியின் ஒயரைக் கழற்றினான்.

"சரி. அதையாவது ரெண்டா வச்சுக்க." நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டு விசேஷங்களில் இன்றும் நாலு பேர் நடுவில் அவனைக் கண்டால் அவள் முதலில் கேட்பது, "உன் பையன் நல்லா இருக்கானா?" என்பதுதான். சுற்றி இருப்பவர்களுக்கு அது பாசமாகப் படும். ரெட்டை மட்டும் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.