பத்மா அக்காவிடம் சொல்லாதது

செய்தி வந்தபோது நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில், காது கேளாத ஆறு தொழிலாளர்கள் முன்னால் நின்று பாதுகாப்பு விதிகளைச் சைகைமொழியில் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது எங்களைப் போன்ற சைகை மொழிபெயர்ப்பாளர்களால் போனைத் தொட முடியாது. கூட்டம் முடிந்துதான் பார்த்தேன். "அம்மா தவறிட்டாங்க ஆன்ட்டி" என்று பத்மா அக்காவின் மகன் குமரன் அனுப்பியிருந்தான். அதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அன்று மாலைக்குள் வாட்சப்பில் இரங்கல்கள் குவிந்தன. சாந்தமானவராம், அதிர்ந்து பேசாதவராம். கையால் பேசுகிறவள் வாய் திறக்கமாட்டாள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அக்காவை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவர் நல்ல வாயாடி. காது கேளாதவரை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்துப் பேசிய ஒரு நில அலுவலக அதிகாரியிடம், "நிலம் இவருடையது, என்னுடையது இல்லை, இவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்" என்று மலாயில் ஒரு போடு போட்டார். அந்த மனிதர் அதன்பிறகு தலையைத் திருப்பவே இல்லை.

பதினோரு வருடம் நாங்கள் ஜோடியாக வேலை செய்தோம். இருபது நிமிடம் அவர், இருபது நிமிடம் நான். ஒருவர் கை ஓயும்போது மற்றவர் சும்மா இருப்பதில்லை. தவறவிட்டதைப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். காலையில் கோலா சிலாங்கூரில் கிளினிக், மதியம் ஒரு பள்ளிக்கூடம், மாலையில் சுங்கை பெசாரில் ஏதாவது ஓர் அலுவலகம் என்று ஓடிய நாட்களில் எங்களுக்குத் தோள்பட்டை விட்டுப்போகும். சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் கிளாஸைத் தூக்கக்கூட அக்காவால் முடியாது. மேசையிலேயே வைத்துக் குனிந்து உறிஞ்சுவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். "சிரிக்கட்டும் லா. இன்னிக்கு நம்ம ஒரு வார்த்தையும் முழுங்கல. அதான் டீ இப்படி இனிக்குது" என்பார். அந்தக் களைப்பில் இருந்த சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

ஈஜோக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அருணாசலத்துக்குக் காது கேட்காது. சர்க்கரை முற்றி, கால்விரல் இரண்டை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று நாங்கள் இருவரும் கூட இருந்தோம். அவருடைய அண்ணன் அக்காவின் பக்கம் குனிந்து, "விரல எடுக்கறத அவன்கிட்ட சொல்லாதம்மா, பயந்துருவான்" என்றார். அக்கா டாக்டர் சொன்னதைச் சைகையில் சொன்னார். அண்ணன் சொன்னதையும் சொன்னார், 'சொல்லாதம்மா' உட்பட. அண்ணன் கொதித்துப்போனார். "ஒனக்கு மனசாட்சி இருக்கா?" "இருக்குண்ணே. விரல் அவரோடது." அருணாசலம் தன் காலைப் பார்த்துவிட்டு, எடுங்கள் என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னார்.

இந்த வருடம் அக்கா படுத்தார். கணையத்தில் புற்றுநோய், முற்றிய நிலை. டாக்டர் குமரனை வெளியே அழைத்துத்தான் சொன்னார். குமரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிறாதீங்க ஆன்ட்டி. அல்சர்னு சொல்லியிருக்கோம். தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிருவாங்க." பெற்ற பிள்ளை அழுகிறான், நான் யார் குறுக்கே நிற்க என்று நினைத்துக்கொண்டேன். கோழைக்குக் காரணமா கிடைக்காது?

வார்டில் குமரன் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் படாமல் அக்கா போர்வையின் ஓரத்தில் சின்னதாகக் கையசைத்துக் கேட்டார்: "டாக்டர் என்ன சொன்னார்? முழுதாகச் சொல்."

"அல்சர்தான். ஆறிவிடும்" என்றேன், கையால்.

அக்கா என் கைகளையே பார்த்தார். பிறகு நன்றி என்று சைகை காட்டினார், வேலை முடிந்ததும் எங்களிடம் வந்தவர்கள் காட்டுவதைப் போல. அன்று மாலையே அருணாசலத்தை வீடியோவில் அழைத்து, அவர் மகள் கல்யாணத்துக்கு வந்து மணவறைப் பக்கத்தில் நின்று ஐயர் சொல்வதை எல்லாம் சைகையில் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்குக் காது கேளாதவர்கள் முப்பது பேராவது வந்திருந்தார்கள். வீட்டில் யாருக்கும் அவர்களோடு பேசத் தெரியவில்லை. கூடாரத்தின் ஓரத்தில் நின்றார்கள். அருணாசலம் என்னிடம் வந்தார். "சாகப்போவது தெரிந்தே வருவேன் என்றாரா? என்னிடமா பொய் சொன்னார்?" என்று கேட்டார்.

அந்தப் பழி அக்கா மேல் விழ விடக்கூடாது. "அவருக்குத் தெரியாது. கேட்டார். நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

அருணாசலம் என் கைகளிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். காது கேளாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குமேல் நாம் எதுவும் சொல்ல முடியாது. கல்யாணத்தில் சைகையில் சொல்ல வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார் என்று கேள்வி.

பத்மா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். ஒருவர் முன்னால் பேசப்படுவதை, கசப்பானாலும், அவருக்கு அப்படியே சொல்லிவிடுவது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அதைச் செய்திருக்கிறேன். இனியும் செய்வேன். அக்காவுக்குச் செய்யவில்லை.