தேசிக்காய் வைத்த கார்

துஷாராவுக்குக் கார் ஓட்டப் பயமில்லை. பிழை விடத்தான் பயம். இந்த வித்தியாசத்தைப் புருசன் லவனுக்கு எத்தனை தரம் சொல்லியும் அவன் மண்டையில் ஏறவில்லை.

"லைசன்ஸ் இருக்கு, கண் தெரியுது, கை கால் சுகமா இருக்கு. பிறகென்னப்பா பயம்?" என்று கேட்பான்.

அவனுக்கென்ன, கேட்பான். சின்ன வயதிலேயே டென்மார்க்குக்கு வந்து, வைலேயில் படித்து, மீசை முளைக்க முதல் கையில் டெனிஷ் பாஸ்போர்ட் வாங்கிய ஆள். வேகமாக ஓட்டினதென்று பொலிஸ் தண்டம் அனுப்பினால், சோபாவில் சாய்ந்தபடியே தொலைபேசியில் கட்டிப்போட்டு, "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்கிற மனிதன். துஷாரா கலியாணம் கட்டி வந்தவள். முதலில் ஒரு ஹோட்டல் சமையலறையில் தட்டுக் கழுவினாள். அங்கேயிருந்து மொழி வகுப்பு, பிறகு பராமரிப்பு வேலைக்கான படிப்பு, பிறகு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை. மொழிப் பரீட்சை எழுதினாள், நாட்டின் சரித்திரம், சட்டம் என்று இன்னொரு பரீட்சையும் எழுதினாள். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக் கணக்காகக் காத்திருந்தாள்.

இப்போதுதான் பதில் வந்திருக்கிறது. குடியுரிமை கொடுக்கிற சட்டம் ஒக்டோபரில் பாராளுமன்றத்துக்குப் போகிறது, அதில் அவள் பெயரும் இருக்கிறது. அது நிறைவேறும்வரை அவள் செய்ய வேண்டியது ஒன்றேயொன்று. பொலிஸில் மாட்டுப்படக் கூடாது. கொஞ்சம் பெரிய தண்டம் ஒன்று விழுந்தாலும் போதும், பெயரை எடுத்துவிடுவார்கள். பிறகு திரும்ப வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பாஸ்போர்ட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் போன வருடம் விமான நிலையத்தில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். லண்டன் கலியாணம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார்கள். லவனும் மகளும் இயந்திரத்துக்கு முகத்தைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். துஷாரா மட்டும் மற்ற வரிசையில், கோப்பும் கையுமாக. மகள் கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்று, பெட்டியில் ஏறி உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, கடைசியில் அவளைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பெற்ற பிள்ளைக்குத் தான் ஒரு தாமதமாகிப் போனதைத் துஷாரா இன்னும் மறக்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒக்டோபர் வரைக்கும் சைக்கிளிலேயே போயிருக்கலாம். ஆனால் வேலையிடம் மாறிவிட்டது. புது இல்லம் யெல்லிங் ஊருக்கு அப்பால், காற்றுக்குத் திறந்துவிட்ட வயல்களுக்கு நடுவில். காலை முறை தொடங்குகிற நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. வீட்டில் இருக்கிற பழைய கார் லவனுடைய வேலைக்கு. இங்கே தேடிய கார் ஒன்றும் சரிவரவில்லை. லவனின் அக்கா சுஜீதா ஹம்பர்க்கில் இருக்கிறாள். அவளுடைய புருசன் பார்த்துக் கொடுத்த சாம்பல் நிறச் சின்னக் கார் மனதுக்குப் பிடித்தது. செப்டெம்பர் சனிக்கிழமை ஒன்றில் பழைய காரில் இருவரும் போய், இரண்டு காராகத் திரும்பி வருவதென்று முடிவாயிற்று.

கார் கைக்கு வந்ததும் நேரே வீதிக்கு ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சுஜீதா விடுவாளா? கோயிலுக்கு விடச் சொன்னாள்.

ஐயர் நல்ல மனிதர். முன்பக்கம் சந்தனம் தடவி அளவாகக் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்து நசிக்கச் சொன்னார். எல்லாம் முறையாக முடிந்தது. அவர் உள்ளே போனதும் சுஜீதாவுக்கு மனம் ஆறவில்லை.

"புதுக் காருக்கு உவ்வளவுதானோ? தெரியவே இல்லை," என்று குங்குமத்தைக் குழைத்து, முன் இலக்கத் தகட்டிலும் இழுத்துவிட்டாள். அது வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற காருக்கு ஜெர்மன்காரர் கொடுக்கிற தற்காலிகத் தகடு. ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டை, அதில்தான் எத்தனையாம் திகதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். சிவப்புக்கு மேலே சிவப்புப் பூசினால் யாருக்குத் தெரியப் போகிறது? ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகு ஐந்தாவது தேசிக்காய் ஒன்றை எடுத்து, பொட்டு வைத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடியோரம் வைத்தாள். "இது வீட்டுக்கு. வாசலில வச்சு முன் சில்லால நசிச்சுப்போட்டுத்தான் காரை உள்ளுக்கு விடவேணும், என்ன?"

"ஓம் மச்சாள்," என்றாள் துஷாரா.

பழைய காரில் லவன் முன்னால், புதுக் காரில் துஷாரா பின்னால். தொலைபேசியைக் காரோடு இணைத்துவிட்டு, வழி நெடுக அவன் பாடம் எடுத்துக்கொண்டு வந்தான். வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை.

"இஞ்சரும், லொறிக்குக் கிட்டப் போகாதையும்."

"ஓமப்பா."

"இடது பக்கம் ஏறாதையும். உதுல வாறவங்கள் பறக்கிறவங்கள்."

"தெரியுமப்பா."

"போடரில மறிச்சால் நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். நான் வந்து கதைக்கிறன். நீர் பிழை ஒண்டும் விடாமல் வந்தால் காணும்."

அந்தப் பிழை என்ற சொல்லை அவன் எடுக்கும் ஒவ்வொரு தரமும் அவளுடைய கை ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தது. வேகத்தைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். எல்லையோர ஊரான ஃபிளென்ஸ்பூர்க் தாண்டியதும் வீதியோரப் பலகைகள் வேகத்தைக் குறைக்கச் சொல்லத் தொடங்கின. வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி ஊர்ந்தன. வெள்ளைக் கூடாரமும், மஞ்சள் மேலங்கி போட்ட பொலிஸாரும் தெரிந்தார்கள். 

லவனின் கார் கூடாரத்துக்குக் கிட்டப் போனது. பொலிஸ்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, போ போ என்று கையை அசைத்தார். லவன் போய்விட்டான்.

அடுத்தது துஷாரா. அங்கே நின்றவள் ஒரு பொலிஸ்காரி, உயரமானவள், தலைமயிரை இழுத்துக் கட்டியிருந்தாள். அவள் துஷாராவின் முகத்தைப் பார்க்கவில்லை, முன் தகட்டைப் பார்த்தாள். கொஞ்சம் குனிந்து மறுபடி பார்த்தாள். பிறகு வலது பக்கம் ஒதுங்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, அந்த இடத்துக்குத் தானே முன்னால் நடந்தாள்.

"என்னப்பா, ஏன் பக்கத்தால போறீர்?" பின்கண்ணாடியில் பார்த்துவிட்ட லவனுடைய குரல் காருக்குள் கேட்டது.

 துஷாரா ஸ்டியரிங்கை வலப்புறம் வெட்டினாள். கண்ணாடியோரம் அதுவரை சமர்த்தாக இருந்த தேசிக்காய் உருண்டது. உருண்டு, விளிம்பில் தட்டி, அவளுடைய மடியில் விழுந்து, காலுக்குள் போனது. அவள் பிரேக்கை மிதித்தாள்.

பிரேக் இறங்கவில்லை.

அடியில் ஏதோ திமிறிக்கொண்டு நின்றது. கார் மெதுவாகத்தான் போனது, ஆனால் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் பொலிஸ்காரியின் முதுகு.  துஷாரா இரண்டு காலையும் சேர்த்து, இருக்கையிலிருந்து எழும்பி, உயிரைக் கொடுத்து மிதித்தாள். காலடியில் ஏதோ வெடித்தது. பிரேக் சடாரென்று இறங்கியது. கார் குலுங்கி, வீதியில் வைத்திருந்த செம்மஞ்சள் கூம்பு ஒன்றைத் தட்டி விழுத்திவிட்டு நின்றது. பொலிஸ்காரி பக்கத்தில் துள்ளி விலகியிருந்தாள்.

காருக்குள் தேசிக்காய் மணம் மூக்கைத் துளைத்தது.

"என்ன சத்தம்? என்ன நடந்தது? துஷாரா?" லவன் கத்தினான். "பிரேக் பிழை எண்டு சொல்லும். கேக்குதே? கார் வித்தவனில போடும். உமக்கு ஒண்டும் வராது."

பொலிஸ்காரி யன்னலைத் தட்டினாள். லவன் விடாமல், "பிரேக் எண்டு மட்டும் சொல்லும்," என்று தமிழில் முழங்கிக்கொண்டிருந்தான். துஷாரா அவனுடைய அழைப்பைத் துண்டித்துவிட்டு யன்னலைத் திறந்தாள்.

"எஞ்சினை நிறுத்துங்கள். இறங்குங்கள்."

இறங்கினாள்.  குடித்திருக்கிறாளா என்று பார்க்கக் குழாயை நீட்டினார்கள், ஊதினாள். சாரதிப் பத்திரம், காரின் பத்திரம், இங்கே வசிக்கும் அனுமதி அட்டை எல்லாம் கொடுத்தாள். பொலிஸ்காரி அந்த அட்டையைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்ததாக அவளுக்குப் பட்டது.

"ஏன் நிறுத்தவில்லை?"

பிரேக் பிழை என்று சொல்லலாம். இரண்டு சொல். காரை இழுத்துக்கொண்டு போவார்கள், அவளை விட்டுவிடுவார்கள். நெஞ்சுக்குள் ஒக்டோபர் நின்று கெஞ்சியது. ஆனால் காரைச் சோதித்தால் பிரேக்கில் ஒரு குறையும் இராது. பொலிஸுக்குப் பொய் சொன்னவள் என்ற பெயர் தண்டத்தைவிடப் பெரிய வில்லங்கம். அதோடு, வித்த மனிதன் என்ன பாவம் செய்தான்?

"பிரேக்குக்குக் கீழே ஒரு எலுமிச்சை போய்விட்டது," என்றாள் டெனிஷில்.

பொலிஸ்காரி குனிந்து பார்த்தாள். தோலும் சாறும் குங்குமமும் பிரேக்கில் அப்பிக் கிடந்தன.

"ஏன் அதை முன்னால் வைத்தீர்கள்?"

பரீட்சைக்காகப் படித்த டெனிஷில் அரசியலமைப்புக்குச் சொல் இருந்தது, உள்ளூராட்சிக்கும் சொல் இருந்தது, கண் பட்டால் வருகிற நாவூறுக்கு இல்லை. தேடித் தேடிக் கடைசியில், "பாதுகாப்புக்கு," என்றாள்.

பொலிஸ்காரி விழுந்து கிடந்த கூம்பைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"பாதுகாப்புக்கு," என்று திருப்பிச் சொன்னாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "தகட்டில் இருப்பதும் பாதுகாப்புக்கா? திகதி தெரியவில்லை." பத்திரங்களோடு பொலிஸ் வாகனத்துக்குப் போய்விட்டாள்.

துஷாரா காருக்குப் பக்கத்தில் நின்றாள். தன்னைத் தாண்டிப் போகிற காரெல்லாம் தன்னையே பார்க்கிறது என்று தோன்றியது. இரவு நேரத்தில் மகளைத் தூங்க வைத்துவிட்டு அரசர்களின் பெயர்களை மனப்பாடம் செய்ததை நினைத்தாள். அவ்வளவும் ஒரு தேசிக்காயால் போகப் போகிறது. அழுகை வந்தது. பொலிஸுக்கு முன்னால் அழக் கூடாதென்று வானத்தைப் பார்த்தாள்.

பொலிஸ்காரி வாகனத்திலிருந்து இறங்கி வந்தாள். வாயைத் திறக்கப் போனவள், துஷாராவுக்குப் பின்னால் எதையோ பார்த்து அப்படியே நின்றாள்.

அதிவேக வீதியின் ஓரத்தால், வாகனங்களுக்கு எதிராக, ஒரு மனிதன் ஓடி வந்துகொண்டிருந்தான். சட்டைக்கு வெளியே தொந்தி குலுங்கியது. லொறிகள் கோர்ன் அடித்தன. நெற்றியில் காலையில் பூசின சந்தனம் வியர்வையில் வழிந்து மூக்குக்கு வந்திருந்தது. அழைப்புத் துண்டிக்கப்பட்டதும், என்னவோ ஏதோ என்று, எல்லைக்கு அப்பால் வீதியோரத்தில் காரை விட்டுவிட்டு லவன் வந்துவிட்டான். காருக்குள்ளே நசிந்து கிடந்த தேசிக்காயையும் முன் தகட்டின் சிவப்பையும் கண்டதும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"நான் வச்சது," என்றான் மூச்சு வாங்கியபடி. டெனிஷ், தமிழ் எல்லாம் கலந்து வந்தது. "எலுமிச்சை நான் வைத்தது. சிவப்பும் என் அக்கா பூசியது. இவவுக்கு ஒண்டும் தெரியாது. ஒக்டோபரில் இவவுக்குக் குடியுரிமை. எனக்குத் தண்டம் எழுதுங்கள். எவ்வளவும் எழுதுங்கள்."

பொலிஸ்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கார் எங்கே?"

"அங்கே. ஓரத்தில்."

"அதிவேக வீதியில் காரை நிறுத்திவிட்டு, அந்த வீதியிலேயே நடந்து வந்தீர்களா?"

"நடக்கேல்லை, ஓடி வந்தனான்," என்றான் லவன். அதை ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

பொலிஸ்காரி துஷாராவிடம் திரும்பினாள். கையில் இருந்த பத்திரங்களை நீட்டினாள். "தகட்டைத் துடையுங்கள். பிரேக்கையும் நன்றாகத் துடையுங்கள். முன்னால் உருளுகிற பொருள் எதுவும் வைக்காதீர்கள். போகலாம்."

"எனக்குத் தண்டம்?" என்றாள் துஷாரா.

"உங்களுக்கு ஒன்றும் இல்லை." பொலிஸ்காரி லவனைப் பார்த்தாள். "நீங்கள் வாருங்கள்."

தண்டம் லவனுக்கு எழுதினார்கள், சின்னத் தண்டமும் அல்ல. பொலிஸ் வாகனத்திலேயே அவனை ஏற்றிக்கொண்டுபோய் அவனுடைய காரில் விட்டார்கள். துஷாரா சால்வையால் தகட்டைத் துடைத்தாள். மச்சாளின் குங்குமம் கையெல்லாம் ஒட்டியது. பிறகு வைலே வரைக்கும் ஓட்டினாள். தொலைபேசியில் பாடம் எடுக்கவும் ஆளில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போதே சுஜீதா அழைத்தாள். "தேசிக்காயை வாசலில வச்சு நசிச்சனீங்களோ?"

"ஓம் மச்சாள். வாசலில வச்சுத்தான் நசிஞ்சது."

"அது போடர் எல்லோ?" என்று லவன் குசுகுசுத்தான்.

"அதுதானே வாசல்," என்றாள் துஷாரா.

உள்ளே போனதும் லவன் சோபாவில் சாய்ந்தான். தொலைபேசியில் இரண்டு தட்டுத் தட்டித் தண்டத்தைக் கட்டினான். தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் எறிந்துவிட்டு, "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டான். பிழை விட்ட மனிதன் ஒருவன் எவ்வளவு சுகமாகக் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம் என்பதைத் துஷாரா கதவருகில் நின்று பார்த்தாள். அவளுடைய காலில் இன்னும் தேசிக்காய் மணத்தது. ஒரே வீதி, ஒரே நாள். தனக்காக லொறிகளுக்கு எதிரே ஓடி வந்த அவன்மேல் அன்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

தேநீரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"ஒக்டோபர் வரட்டும்," என்றாள். "நானும் ஒருநாளைக்கு அந்த றோட்டில இறங்கி நடக்கிறனோ இல்லையோ பாருங்கோ."