பீப்பாயில் மிச்சமிருந்த தண்ணீர்

நாடு சுதந்திரம் அடைந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு பங்குனி மாதம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணி ஒன்றில் நான் பண்டாரியாக இருந்தேன். பண்டாரி என்றால் தோணியில் சமையல் செய்கிறவன்.

எனக்கு ஊர் பசுவந்தனைக்குப் பக்கம். கரிசல் காடு. கடலுக்கும் எங்கள் ஆட்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மூன்று வருஷம் தொடர்ந்து மழை இல்லாமல், பருத்தி முழங்கால் உயரம்கூட வராமல் கருகிப் போன பிறகுதான், தெரிந்தவர் ஒருவர் என்னைத் தோணியில் சேர்த்துவிட்டார். நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆட்களோடு பேசிப் பழகவும் சிறு வயதிலிருந்தே வராது. அடுப்போடு கிடக்கிற வேலை என்பதால் எனக்கு அது ஒத்துப்போயிற்று.

தோணி தூத்துக்குடிக்குத் திரும்பியதும் மற்றவர்கள் வீட்டைப் பார்க்கப் போவார்கள். எனக்கு இரண்டு வேலை இருக்கும். ஒன்று, அடுத்த நடைக்கு அரிசி, பருப்பு, வத்தல், புளி, கருவாடு எல்லாம் வாங்கி ஏற்றுவது. இன்னொன்று தண்ணீர்.

தண்ணீர் வேலைக்கு ஒரு முறை உண்டு. பாய்மரத்தடியில் பெரிய மரப் பீப்பாய் கட்டியிருக்கும். அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருந்தாலும் சரி, ஒரு சொட்டு விடாமல் கடலில் ஊற்றிவிட வேண்டும். பிறகு உள்ளே இறங்கித் தேங்காய் நாரால் தேய்த்து, சுண்ணாம்பு பூசி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். சேர்ந்த முதல் நாளே தண்டல் இதைச் சொல்லிவிட்டார். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள்.

ஒரு வருஷம் அப்படியே செய்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் வாளி வாளியாகக் குடிதண்ணீரைக் கடலில் கொட்டும்போது எனக்கு ஊர்க் கிணறுதான் நினைவுக்கு வரும். முகம் கழுவிய தண்ணீரைக்கூடத் தரையில் விடாமல் ஆட்டுத் தொட்டியில் ஊற்றுகிற வீட்டில் பிறந்தவன் நான்.

அந்தப் பங்குனியில் நல்ல காற்று கிடைத்துச் சீக்கிரமே திரும்பிவிட்டோம். பீப்பாயில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அன்று காலையில்தான் என் தங்கை வீட்டுக்காரர் என்னைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்தார்.

“கெணத்துல வாளிய விட்டா சேறுதான் வருது மச்சான். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் வண்டி கட்டிப் போயி தண்ணி கொண்டாரோம். போன வாரம் அங்கன நடந்த சண்டையில ஒருத்தி ஒங்க அம்மை மண்டையில கொடத்தால அடிச்சுட்டா” என்றார்.

அவரை அனுப்பிவிட்டுப் பீப்பாயைத் திறந்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கையில் அள்ளிக் குடித்தும் பார்த்தேன். ருசியில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. தண்டல் சுங்க வேலையாகப் போயிருந்தார். இதை ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. மேலாகவே புதுத் தண்ணீரை விட்டு நிரப்பி மூடிவிட்டேன். என்னவோ புண்ணியம் செய்தது மாதிரி இருந்தது.

பிறகு சாமான் வாங்கப் போனேன். நாங்கள் எப்போதும் வாங்குவது ஒரு முஸ்லிம் பாய் வைத்திருந்த மளிகைக் கடையில். தோணிக்காரர்களை நம்பியே நடந்த சின்னக் கடை. நான் பேச மாட்டேன் என்பதால் என்னைக் கண்டாலே அவருக்குக் கேலி.

“ஏலே பண்டாரி, வந்துட்டியா! கடைக்குள்ள சத்தம் தாங்க முடியலையே, கொஞ்சம் மெதுவாப் பேசுலே!” என்பார். கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். துறைமுகத்தில் என்னை ஒரு ஆளாக மதித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அன்று எல்லாம் கட்டிக் கொடுத்த பிறகு நெய்மீன் கருவாடு ஒரு கட்டு எடுத்து மேலே வைத்தார். நான் விழித்தேன்.

“விலைக்கு இல்லலே. நேத்துதான் வந்துச்சு, நல்ல சரக்கு. நம்ம தோணி ஆளுவ தின்னுட்டுப் போகட்டும்” என்றார்.

நான் அதைத் தின்ன முடியாது. ஊரில் மழை பெய்கிறவரை கவிச்சி தொடுவதில்லை என்று திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருந்தேன். அதை அவரிடம் சொல்லக்கூட எனக்குக் கூச்சம்.

தோணி புறப்பட்ட இரண்டாம் நாள் காற்று விழுந்தது. பாய் துவண்டு தொங்கியது. வெயில் என்றால் வெயில், பலகையில் கால் வைக்க முடியாது. அன்று கருவாட்டுக் குழம்பு வைத்தேன். எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். மறுநாள் ஒருவர் பின் ஒருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். வாந்தியும் பேதியும். தண்டலோடு சேர்த்து ஏழு பேர். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

“பண்டாரி கருவாடு திங்கல. அவன் நல்லா இருக்கான். பார்த்தீங்களா?” என்றார் ஒருவர்.

“சும்மா குடுத்தானே, அப்பமே யோசிச்சிருக்கணும். கெட்டுப் போனத நம்ம தலையில கட்டிட்டான்” என்றார் இன்னொருவர். மிச்சக் கருவாட்டைக் கடலில் வீசினார்கள்.

வீசின பிறகும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. நான் பீப்பாய்க்குள் கையை நன்றாக விட்டுத் துழாவினேன். அடியில் பச்சையாக, வழவழவென்று பாசி கையில் ஒட்டியது. மோந்து பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. கலங்கின ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த என் வயிறு அதைத் தாங்கிக்கொண்டது. அவர்கள் வயிறு தாங்கவில்லை. அன்றிலிருந்து தண்ணீரை நன்றாகக் காய்ச்சி, கஞ்சியாகவும் வெந்நீராகவும் கொடுத்தேன். மெல்ல மெல்ல எழுந்து உட்கார்ந்தார்கள். கொழும்பு போய்ச் சேர்ந்ததும், யாருக்கும் தெரியாமல் பீப்பாயைக் காலி செய்து தேய்த்துச் சுண்ணாம்பு பூசினேன். என்னைப் பார்த்து, “நீ இல்லேன்னா செத்திருப்போம்லே” என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

தூத்துக்குடிக்குத் திரும்பியதும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பாய் கடைக்குப் போனார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தண்டல் கடைக்குள் ஏறி, தொங்கிய கருவாட்டையெல்லாம் பிடுங்கித் தெருவில் எறிந்தார். “ஏழு உசுருவே! ஏழு வீட்டுக்கு நீரு பதில் சொல்லுவீரா?” என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. மற்றத் தோணி ஆட்களும் வந்து நின்றார்கள்.

பாய் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். “புதுச் சரக்குவே. நானும் என் வீட்டுலயும் அதத்தான் தின்னோம்” என்றார். யாரும் கேட்கவில்லை. அப்போது கூட்டத்தின் பின்னால் நின்ற என்னை அவர் பார்த்துவிட்டார். முகம் தெளிந்தது.

“பண்டாரி, நீ சொல்லுலே. நீதான ஆக்குன? கழுவும்போது நாத்தம் கீத்தம் இருந்துச்சா? நீ சொன்னாச் சரி.”

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் எனக்கு வாய் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைச் சாக்காகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. “இல்லை” என்ற ஒரு சொல் அன்று என் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி தண்ணீரைப் பற்றித்தான் வரும் என்று தெரிந்தே விழுங்கினேன். தலையைக் குனிந்தேன்.

பாய் தெருவில் இறங்கி, சிதறிக் கிடந்த கருவாட்டைப் பொறுக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு தோணிக்காரர்கள் ஒருவரும் அந்தக் கடைக்குப் போகவில்லை. அந்தக் கோடை முடிவதற்குள் கடையைச் சாத்திவிட்டு எங்கேயோ போய்விட்டார் என்றார்கள். நானும் அடுத்த வருஷம் தோணியை விட்டுவிட்டு, கோவில்பட்டியில் பருத்தி அரைக்கிற ஆலையில் பொதி தூக்கப் போனேன்.

ஏழு வருஷம் கழித்து, கோவில்பட்டிச் சந்தையில் அவரைப் பார்த்தேன். வெயிலில் சாக்கை விரித்துப் புளியும் உப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. நழுவிவிட நினைத்தேன். அதற்குள், “ஏலே, பண்டாரியா?” என்று கூப்பிட்டுவிட்டார். பக்கத்தில் உட்காரச் சொல்லி, அம்மாவை விசாரித்தார்.

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று, “அந்தக் கருவாட்டுக் கட்ட மட்டும் நான் ஒழுங்காப் பார்க்காமக் குடுத்துட்டேம்லே” என்றார். “மொதல்ல நான் ஒத்துக்கல. வேற எவன் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். நீ பொய் பேசுத ஆளு இல்ல. நீ தலையக் குனிஞ்சதும் எனக்கே தெரிஞ்சுபோச்சு. ஏழு பேரக் கொல்லப் பார்த்திருக்கேன். அதுக்குப் பொறவு கருவாடு விக்கிறதே இல்ல.”

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பீப்பாய், பாசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையிலேயே ஒரு மனுஷனிடம் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றுதான்.

அவர் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் சாக்கில் சிந்தியிருந்த புளியை எடுத்துக் குவியலில் சேர்த்தார்.

“என் பொஞ்சாதி மௌத்தாகி மண்ணுக்குள்ள போற வரைக்கும் நான் கெட்ட சரக்கு குடுத்தேன்னுதான் நினைச்சிருந்தா” என்றார் மெதுவாக. “அவகிட்டப் போயி யாரு சொல்லுவா?”

யாரோ புளி விலை கேட்டார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பித் தராசை எடுத்தார். நான் எழுந்து நின்றேன். அவர் திரும்பவே இல்லை.

மறுவாரமே தூத்துக்குடிக்குப் போனேன். பழைய தண்டல் கண் தெரியாமல் மகன் வீட்டில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். “அப்படியா? எந்தப் பாய்?” என்று கேட்டார். கூட வந்த ஏழு பேரில் வேறு யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்றைக்கு எங்கள் தெருவில் என்னை வாயில்லாப் பூச்சி, யாருக்கும் ஒரு கெடுதல் செய்யத் தெரியாதவன் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், என்னைத் திரும்பிப் பார்க்காமல் புளி நிறுத்துக்கொண்டிருந்த அந்த மனுஷரின் முதுகுதான் எனக்குத் தெரிகிறது.