லஷீனில் அள்ளிய பனி

தொண்ணூறுகளின் நடுவில், மொன்றியலில், எனக்கு இரண்டு வானங்கள் இருந்தன. ஒன்று வேலைக்கு, மற்றது வீட்டுக்கு. இடையில் ஒரு பஸ்ஸும் இரண்டு மெட்ரோவும்.

வேலை லஷீனில், ஏரிக்கரையில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வந்திறங்கும் ஒரு சலவைச்சாலை. காலை ஆறரைக்கு உள்ளே போனால் பின்னேரம் இரண்டரைக்கு வெளியே. உள்ளே நீராவி, வெளியே டிசம்பர். கதவைத் தாண்டிப் பத்தடி வைப்பதற்குள் ஈரத்தலைமயிர் கம்பியாக விறைத்துவிடும். விரலால் தட்டினால் சத்தம் கேட்கும்.

வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில். இவர், என் புருசன், ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். மத்தியானம் வேலைக்குப் போகும்போது இரண்டு வயது மகளைக் கீழ்மாடி அக்காவிடம் விட்டுவிட்டுப் போவார். நாலு மணிக்கு நான் வந்து எடுக்கவேண்டும். அக்கா எங்களுக்குச் சொந்தமில்லை, ஊரும் வேறு. ஒரே கட்டிடம், ஒரே மொழி, அவ்வளவுதான். பிள்ளையை என் கையில் தந்த மறுநிமிடமே கோட்டை மாட்டிக்கொண்டு, நகரத்தின் நடுவில் ஒபிஸ் துடைக்கப் போவார். ஐந்து மணிக்கு அங்கே நிற்கவேண்டும்.

முதல் தடவை நான் அரைமணித்தியாலம் பிந்தினேன். லஷீனில் நீட்டிய கை தெரியாத பனி. ஏரிக்கரை பஸ் எங்கேயோ புதைந்துபோய் நின்றது. ஓடிவந்து அக்காவின் கதவில் மூச்சு வாங்க வாங்க அதைச் சொன்னேன். அக்கா யன்னல் சீலையை விலக்கினார். வெளியே நீல வானம். எதிர்க் கட்டிடத்தின் இரும்புப் படிகளில் பொன்வெயில். தெருவில் ஒரு துகள் இல்லை.

"தங்கச்சி, நான் என்ர கண்ணாடியை மாத்தவேணுமோ, நீர் உம்மட கதையை மாத்தவேணுமோ?"

நானும் யன்னலால் பார்த்தேன். என் கண்ணையே எனக்கு நம்பமுடியவில்லை. தலையில் இருந்த பனி மெட்ரோச் சூட்டில் கரைந்து, முழுகிவிட்டு வந்தவள்போல நின்றேன்.

அடுத்த கிழமை மறுபடியும் அதே கதை. பஸ் தரிப்பில் நின்று பஸ்ஸையும் ஏரியையும் ஏசிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, லஷீனின் பனியை அள்ளி, அமத்தி அமத்தி நிரப்பினேன். மூடி, சால்வையால் சுற்றி, மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழக்குக்குச் சாட்சி கொண்டுபோகிறவளின் நிமிர்வு எனக்கு. பக்கத்தில் இருந்தவர் நான் ஏதோ சுடச்சுடக் கொண்டுபோகிறேன் என்று நினைத்திருப்பார்.

அக்கா கதவைத் திறந்தார். நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர். மத்தியானம் தின்ற பருப்பின் மஞ்சள், அதன் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக.

அக்கா குனிந்து கவனமாகப் பார்த்தார். "இதையோ லஷீனில ஸ்நோ எண்டு சொல்லுறவை? எங்கட பைப்பிலயும் வரும், பருப்புதான் வராது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கோட்டின் பொத்தான்களைப் போட்டபடியே சொன்னார். வேலையில் இரண்டு தரம் பிந்தியாகிவிட்டது, மூன்றாம் தரம் பிந்தினால் வரவேண்டாம் என்று மேற்பார்வைக்காரன் சொல்லிவிட்டான். யாழ்ப்பாணத்தில் இருக்கும் புருசனை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிடும் கடதாசிகளோடு இந்த வேலையின் கடிதத்தையும் வைத்து அனுப்பவேண்டும். வேலை இல்லையென்றால் கடிதம் இல்லை, கடிதம் இல்லையென்றால் அவர் இல்லை.

"இனி ஒருக்காப் பிந்தினா நீர் வேற ஆளைப் பாரும், தங்கச்சி. நான் கோவத்தில சொல்லேல்லை."

கோபத்தில் சொல்லியிருந்தால் நல்லது, கோபம் ஆறும். இது ஆறாது. வேறு ஆளும் இல்லை. பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் கார்தெரியில் பெயர் கொடுத்து ஒரு வருசம் கழிந்திருந்தது, கூப்பிடக் காணோம். அக்கா கைவிட்டால் நான் வேலையை விடவேண்டும். கோப்பை கழுவும் ஒரு சம்பளத்தில் மூன்று பேர் சீவிக்க முடியாது. அன்று படியேறும்போது ஒன்றை முடிவெடுத்தேன். இந்தப் பனியை இனி யாருக்கும் நிரூபிக்கப் போவதில்லை, தாண்டப் போகிறேன்.

சலவைச்சாலையில் என்னோடு விரிப்பு மடிப்பவள் லஷீனிலேயே பிறந்தவள். ஏறக்குறைய என் வயது. விரிப்பின் இரண்டு நுனியை அவள் பிடிக்க, மற்ற இரண்டை நான் பிடிக்க, நடந்து நெருங்கி, கை மாற்றி, விலகி, நாள் முழுக்க ஒரு கூத்தாடுவோம். என் பிரெஞ்சு அப்போது முழங்கால் மட்டும்தான். நெருங்கும்போது ஒரு சொல், விலகும்போது ஒரு சொல்லாக, என் வீட்டில் ஏன் பனி இல்லை என்று கேட்டேன்.

அவள் விரிப்பை விட்டுவிட்டாள். ஒரு நீலத் துவாயை மேசையில் விரித்து, இது ஏரி என்றாள். ஏரி இன்னும் உறையவில்லை, வெதுவெதுப்பாக இருக்கிறது. குனிந்து துவாயின் மேலால் ஊதினாள். விறைத்த காற்று அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வருகிறது, கரையில் ஏறியதும் பனியாகக் கொட்டுகிறது. பிறகு ஒரு தலையணை உறையை நீளமாக மடித்து, துவாயின் முனையிலிருந்து மேசைக்குக் குறுக்கே போட்டாள். இவ்வளவுதான் பனி, ஒரு கீலம். அதற்கு இந்தப் பக்கமும் வெயில், அந்தப் பக்கமும் வெயில். ஏரி உறையும்வரை இப்படித்தான், தை மாதத்தில் நின்றுவிடும்.

கீலத்துக்கு வெளியே, மேசையின் வடக்கு ஓரத்தில் விரலை வைத்தாள். அங்கே பெரிய வீதி, வேறு பஸ், அதுவும் மெட்ரோவுக்குத்தான் போகிறது. பிறகு என் இடக்கன்னத்தில் தட்டினாள். காற்று எப்போதும் இங்கே அடிக்கவேண்டும் என்றாள். முதுகில் அடித்தால் நீ பனியோடு போகிறாய், அதற்கு முடிவே இல்லை. குறுக்கே வெட்டிப் போ.

கிறிஸ்மஸுக்கு முந்திய கிழமை அது வந்தது. இரண்டரைக்குக் கதவைத் திறந்தால் உலகம் இல்லை. பஸ் தரிப்பில் என்னோடு வேலை செய்பவர்கள் தோளில் பனி ஏற ஏற, போர்த்துவைத்த தளபாடங்கள்போல நின்றார்கள். நான் நிற்கவில்லை. சால்வையைத் தலையில் இறுக்கிக் கட்டி, ஒரு கணம் கண்ணை மூடிக் காற்றைத் தேடினேன். இடக்கன்னம். நட.

நடந்தேன். பனி மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் ஓடியது, ஒரு வெள்ளை ஆறு, அதற்குள் நான் குறுக்கே போகும் ஒரு வள்ளம். வீதிப் பெயர்ப் பலகைகள் வெள்ளை அப்பிக் குருடாக நின்றன. முழங்காலுக்குக் கீழே கால் என்னுடையதா என்று தெரியவில்லை. ஒரு சந்தியில் காற்று முதுகுக்குப் போய்விட்டது. பாதை வளைந்திருக்கிறது, நான் பனியோடு போய்க்கொண்டிருக்கிறேன். போவது சுகமாக இருந்தது, அதுதான் பயமாகவும் இருந்தது. திரும்பி, யாரோ ஒருவருடைய வேலியோரமாகப் புகுந்து, கன்னத்தை மறுபடியும் காற்றுக்குக் கொடுத்தேன். பனியைத் தமிழில் ஏசினேன், எழுதமுடியாத சொற்களால். வாய்க்குள்ளும் வந்து விழுந்தது. துப்பிவிட்டு ஏசினேன்.

பிறகு வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் வந்தது. துகள்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன, எண்ணலாம்போல. இன்னும் நாற்பது ஐம்பது அடி. வெயில். காய்ந்த வீதி. ஒரு மனிதர் தொப்பிகூட இல்லாமல் காரிலிருந்து மளிகைப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பைகளைக் கீழே வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன், வீடுகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் அசையாமல் நின்றது. பஸ் வந்தது.

வீட்டுக்குக் கிட்ட உள்ள பார்க் மெட்ரோவில் இறங்கும்போது மணி நாலு ஆறு. படிகளில் ஓடி ஏறினேன். மேலே, டிக்கெட் தடுப்புக்கு அப்பால், அக்கா. கோட்டு, கைப்பை, இடுப்பில் என் மகள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்திருக்கிறார் என்றால், முடிந்தது, இங்கேயே கையில் தந்து கணக்குத் தீர்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆறு நிமிடம் என்று சொல்ல வாய் எடுத்தேன். இடப்பக்க உதடு அசையவில்லை.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி என் வலத்தோளைத் தடவினார். காய்ந்திருந்தது. இடத்தோளைத் தடவினார். ஊறிக் கறுத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. சால்வையின் இடப்பக்கக் கம்பளிப் பின்னலுக்குள் இன்னும் கரைந்து முடியாத ஒரு சின்னப் பனிக்கட்டி. அதைக் கிள்ளியெடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார்.

"உமக்கு ஒரு பக்கத்துக்குத்தான் பெய்ததோ?"

"ஓம் அக்கா. பனிக்குக் குறுக்கால நடந்தனான்."

மகளை என் கைக்கு மாற்றினார். இறங்கும் படியில் கால் வைத்தபடி, திரும்பாமலே சொன்னார். "நாளையில இருந்து பிள்ளையை நான் இஞ்ச கொண்டாறன். நாலு பத்து மட்டும் நிப்பன். அதுக்குப் பிறகு நீர் வராட்டி இவளும் என்னோட ஒபிஸ் துடைப்பாள்."

ஏரி உறைய இன்னும் மூன்று நாலு கிழமை இருந்தது. தாண்டலாம்.

மகள் என் இடக்கன்னத்தில் கை வைத்தாள். "ஃப்ருவா," குளிர் என்று பிரெஞ்சில் சொல்லி, வெடுக்கென்று எடுத்தாள். யோசித்து, வலக்கன்னத்தில் வைத்தாள். அங்கேயே வைத்திருந்தாள்.